லியோ பேக்லண்ட் (1863 - 1944): உருகாத பிசினும் ஒரு பிடி மரத்தூளும்

பிரஷர் குக்கரின் கருப்புக் கைப்பிடி எப்போதாவது உடைந்திருந்தால், தூக்கி எறியும் முன் உடைந்த இடத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெளிப்பக்கம் பளபளப்பாக இருக்கும். உடைந்த பக்கமோ மங்கலாக, சொரசொரப்பாக, ரஸ்க் ரொட்டியைப் பிய்த்தது போல இருக்கும். அந்தச் சொரசொரப்புக்குக் காரணம் பெரும்பாலும் மரத்தூள். பேக்கலைட் என்று நாம் சொல்லும் பொருளில் ஏறக்குறையப் பாதி இந்த மாதிரியான நிரப்பிதான். மீதிதான் பிசின். அந்தப் பிசினைக் கண்டுபிடித்தவரைப் பிளாஸ்டிக் யுகத்தின் தந்தை என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. மரத்தூளைப் பற்றி யாரும் அதிகம் சொல்வதில்லை. ஆனால் அது இல்லாமல் பேக்லண்டின் பிசின் ஆய்வகத்தை விட்டு வெளியே வந்திருக்குமா என்பது சந்தேகமே.

லியோ ஹென்ட்ரிக் பேக்லண்ட் 1863 நவம்பர் 14 அன்று பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பிறந்தார். தந்தை செருப்புத் தைப்பவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். மகனும் தன்னோடு உட்கார்ந்து தோல் தைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். தாய் பணக்கார வீடுகளில் வேலை செய்தவர். அந்த வீடுகளில் படித்த பிள்ளைகள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைப் பார்த்தவர். மகன் படித்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது அவர்தான். பையன் பகலில் பள்ளிக்கும் மாலையில் தொழிற்பள்ளி வகுப்புகளுக்கும் போனான். புகைப்படக் கலையில் பைத்தியம். வெள்ளி நைட்ரேட் வாங்கக் காசில்லாமல், பரிசாகக் கிடைத்த கடிகாரத்தின் வெள்ளிச் சங்கிலியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துத் தானே தயாரித்துக்கொண்டான் என்று ஒரு கதை உண்டு. பின்னாளைய பேக்லண்டைப் பார்த்தால் நம்பக்கூடிய கதைதான்.

நகராட்சி கொடுத்த உதவித்தொகையில் 1880ல் கென்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1884ல், இருபத்தொன்று நிறையும் முன்பே, உயர்ந்த சிறப்புடன் முனைவர் பட்டம். வேதியியல் பேராசிரியர் தியோடர் ஸ்வார்ட்ஸுக்கு உதவியாளராகச் சேர்ந்தவர், அவருடைய மகள் செலினைக் காதலித்தார். அதே சமயம் புகைப்படத் தகடுகள் தயாரிக்கும் ஒரு சிறு தொழிலையும் தொடங்கினார். பேராசிரியருக்கு இரண்டாவது விஷயம்தான் அதிகம் பிடிக்கவில்லை போலிருக்கிறது. தூய அறிவியல் செய்ய வேண்டியவன் கடை வைக்கிறானே என்ற வருத்தம் அவருக்கு. தொழில் தேறவில்லை. 1889 ஆகஸ்டில் திருமணம். ஒரு பயண உதவித்தொகையைக் கையில் வைத்துக்கொண்டு புதுமணத் தம்பதி நியூயார்க் வந்து இறங்கினார்கள்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் சாண்ட்லர் என்ற பேராசிரியர், அமெரிக்காவிலேயே இருந்துவிடு என்று யோசனை சொன்னார். அந்தோணி நிறுவனம் என்ற புகைப்படப் பொருள் கம்பெனியில் வேலையும் கிடைத்தது. பேக்லண்ட் கென்ட் நகர வேலையை விட்டுவிட்டார். கொஞ்ச நாளுக்கென்று வந்து, வேலை கிடைத்து, ஊர் திரும்பாமல் போன கதை இதைப் படிக்கும் பலருக்குப் புதிதாக இருக்காது.

அடுத்த சில ஆண்டுகள் சரியில்லை. வேலையை விட்டுத் தனியே ஆலோசகராக உட்கார்ந்தார். ஒரே நேரத்தில் பல கண்டுபிடிப்புகளை எடுத்துக்கொண்டு எதையும் முடிக்க முடியவில்லை. கையில் பணம் கரைந்தது. கடும் நோய் வந்து சாவின் விளிம்பு வரை போனார். படுக்கையில் கிடந்தபோது ஒரு முடிவெடுத்தார். பத்து விஷயங்களைத் தொடுவதை நிறுத்திவிட்டு, விரைவில் பலன் தரக்கூடிய ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது. அந்த ஒன்று புகைப்படத் தாள். சூரிய ஒளிக்குக் காத்திராமல் விளக்கு வெளிச்சத்திலேயே படத்தை அச்செடுக்கக்கூடிய வெலாக்ஸ் தாள். லெனார்ட் ஜேக்கோபி என்ற கூட்டாளியுடன் 1893ல் நெபெரா கெமிக்கல் கம்பெனியை நியூயார்க்குக்கு வடக்கே யாங்கர்ஸில் ஆரம்பித்தார். அமெரிக்கப் பொருளாதாரம் நொறுங்கிய வருடம் அது. இதற்கிடையில் முதல் மகள் ஜென்னி ஐந்து வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள்.

மெல்ல மெல்ல வெலாக்ஸ் விற்கத் தொடங்கியது. 1899ல் கோடக் அதிபர் ஜார்ஜ் ஈஸ்ட்மன் அதை விலைக்குக் கேட்டார். பேக்லண்ட் ஐம்பதாயிரம் டாலர் கேட்கலாம், இறங்கினால் இருபத்தைந்தாயிரம் வரை போகலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு ரயிலேறியதாகவும், அவர் வாயைத் திறக்கும் முன் ஈஸ்ட்மனே பல லட்சம் சொன்னதாகவும் கதை. ஏழரை லட்சம் டாலர் என்பது பரவலாகச் சொல்லப்படும் தொகை. கூட்டாளிகளுக்குப் போக எவ்வளவு மிஞ்சியது என்பது வேறு கணக்கு. எப்படியானாலும் 35 வயதில் அவர் பணக்காரர். ஹட்சன் நதிக்கரையில் ஸ்னக் ராக் என்ற பெரிய வீட்டை வாங்கினார். வீட்டை ஒட்டிய கொட்டகையை ஆய்வகமாக்கிக்கொண்டார்.

புகைப்படத் துறையில் இனிப் போட்டிக்கு வரக்கூடாது என்பது ஈஸ்ட்மனுடன் செய்த ஒப்பந்தம். எனவே வேறு துறை தேட வேண்டியிருந்தது. ஜெர்மனிக்குப் போய் மின்வேதியியல் படித்து வந்தார். நயாகராவில் ஹூக்கர் நிறுவனத்துக்காக உப்பு நீரிலிருந்து காஸ்டிக் சோடா எடுக்கும் மின்கலத்தைச் சீர்செய்து கொடுத்தார். ஆனால் அவர் மனம் போய் நின்றது அரக்கின் மேல்.

இந்த இடத்தில் நம் நாடு கதைக்குள் வருகிறது. அரக்கு என்பது மரக்கிளைகளில் ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கும் சின்னஞ்சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின். உலகுக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போயிற்று. ஒரு ராத்தல் அரக்குக்குப் பதினையாயிரம் பூச்சிகள் ஆறு மாதம் உழைக்க வேண்டும் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். வார்னிஷ் பூசவும் முத்திரை வைக்கவும் பயன்பட்டவரை அது போதும். மின்சாரம் வந்த பிறகு கம்பிகளுக்கும் சுருள்களுக்கும் காப்புப் பொருளாக அரக்கைக் கேட்டார்கள். பூச்சிகளால் ஈடுகொடுக்க முடியவில்லை, விலை ஏறியது. ஆய்வகத்தில் செயற்கை அரக்கு செய்ய முடிந்தால் பணம் கொட்டும் என்று கணக்குப் போட்டவர்களில் பேக்லண்டும் ஒருவர்.

வழி ஒன்று ஏற்கனவே தெரிந்திருந்தது. ஜெர்மன் வேதியியலர் அடால்ஃப் ஃபான் பேயர், பீனாலையும் ஃபார்மால்டிஹைடு வகைப் பொருள்களையும் கலந்தால் குடுவையில் கெட்டியான ஒரு பிசின் பிடித்துக்கொள்வதை 1872லேயே எழுதி வைத்திருந்தார். சாயங்களைத் தேடிக்கொண்டிருந்த அவருக்கு அது தொல்லை. எதிலும் கரையாது, சூடு பண்ணினால் உருகாது, குடுவையையே எறிய வேண்டியதுதான். பின்னால் வந்தவர்கள் அதை அடக்கப் பார்த்தார்கள். வினை தொடங்கிவிட்டால் சூடு தானாக ஏறும், ஆவி கிளம்பும், பிசின் நுரைத்துப் பொங்கி ஓட்டை ஓட்டையாக இறுகும். அதனால் எல்லோரும் சூட்டைக் குறைத்து, கரைப்பான் சேர்த்து, மெதுவாகப் போகப் பார்த்தார்கள். நாள்கணக்கில் காய்ந்தது. சுருங்கிக் கோணியது.

பேக்லண்டும் அவருடைய உதவியாளர் நதானியல் தர்லோவும் முதலில் ஒரு அரக்கு மாற்றைச் செய்தார்கள். அமிலம் சேர்த்து, ஃபார்மால்டிஹைடைக் குறைத்துப் போட்டால், உருகக்கூடிய, ஆல்கஹாலில் கரையக்கூடிய ஒரு பிசின் வந்தது. நோவலாக் என்று பெயர் வைத்தார். சந்தையில் அது எடுபடவில்லை. அரக்கை வாங்கியவர்கள் அரக்கையே வாங்கினார்கள்.

பிறகு 1907 ஜூன். தொடங்கிய இடம் பிளாஸ்டிக்கே இல்லை, மரம். மென்மையான மரத்துண்டுகளைப் பீனால்-ஃபார்மால்டிஹைடு கலவையில் ஊற வைத்துச் சூடாக்கினால் மரத்துக்குள்ளேயே பிசின் இறுகி மரம் உறுதியாகும் என்பது அவர் திட்டம். மூடிய குழாயில் அழுத்தத்தோடு சூடாக்கினார். மரம் அவர் நினைத்த அளவுக்குத் தேறவில்லை. ஆனால் மரத்திலிருந்து கசிந்து வெளியே வழிந்த பிசின் கல்லைப் போல் இறுகியிருப்பதைப் பார்த்தார். அடுத்த நாள்களில் மரத்தை எடுத்துவிட்டுக் கலவையை மட்டும் குழாயில் அடைத்துச் சூடாக்கினார். கிடைத்த பொருள்களுக்கு நாட்குறிப்பில் வரிசையாக எழுத்துகள் கொடுத்தார். அவற்றுள் எதிலும் கரையாத, உருகாத ஒன்றுக்குத் தன் பெயரிலிருந்தே பெயர் எடுத்தார். 1907 ஜூலை 13 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பம். 1909 டிசம்பரில் அது கிடைத்தது.

மற்றவர்கள் செய்ததற்கு நேர் எதிராக அவர் செய்தார் என்பதுதான் இதில் விஷயம். வினை பொங்குகிறதா, பொங்கட்டும், ஆனால் மூடியை அழுத்திப் பிடி. இறுக்கமாக மூடிய இரும்புக் கலத்தில் 150 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடும் கூடவே அழுத்தமும் கொடுத்தால் ஆவிக் குமிழிகள் கிளம்ப முடியாது. நாள்கணக்கில் ஆன வேலை மணிக்கணக்கில் முடியும். அதற்காக அவர் கட்டிய கலத்துக்குப் பேக்கலைசர் என்று பெயர். நாம் இட்லிப் பானையிலிருந்து பிரஷர் குக்கருக்கு மாறியது போல என்று சொல்லலாம். அந்த முதல் கலம் பிற்பாடு வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இறுகிய பேக்கலைட்டின் உள்ளமைப்பு வலை போன்றது. பாலித்தீன் போன்ற பிளாஸ்டிக்கில் நீளநீளச் சங்கிலிகள் தனித்தனியாகக் கிடக்கும், சூடு பட்டால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், பொருள் உருகும். பேக்கலைட்டில் சங்கிலிகள் எல்லாத் திசையிலும் ஒன்றோடொன்று கட்டப்பட்டு, ஒரு சுவிட்சின் மூடி முழுவதும் ஏறக்குறைய ஒரே மூலக்கூறு என்று சொல்லுமளவுக்குப் பின்னிக் கிடக்கும். அதனால் உருகுவதில்லை. பாரதத்தில் துரியோதனன் அரக்கால் மாளிகை கட்டியதன் நோக்கமே அது சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பதுதான். பேக்கலைட்டில் கட்டியிருந்தால் அவன் திட்டம் பலித்திருக்காது.

ஆனால் இந்த வலைக்கு ஒரு பெரிய குறை உண்டு. சங்கிலிகள் வழுக்க முடியாது என்றால் பொருளால் வளைந்துகொடுக்கவும் முடியாது. ஒரு முனையில் சின்னக் கீறல் விழுந்தால், அதன் நுனியில் குவியும் விசையைத் தாங்கி நெகிழ அங்கே எதுவும் இல்லை. கீறல் கண்ணாடியில் ஓடுவது போல ஒரே ஓட்டமாக ஓடிவிடும். போதாததற்கு இறுகும்போது பிசின் சுருங்குகிறது. அந்தச் சுருக்கமே உள்ளுக்குள் கீறல்களை விதைத்துவிடுகிறது. தூய பேக்கலைட் அம்பர் நிறத்தில் அழகாக இருக்கும். கீழே விழுந்தால் சில்லுச் சில்லாகும். மாலை மணிக்குச் சரி, மோட்டார் பாகத்துக்கு ஆகாது.

இங்கேதான் மரத்தூள் வந்து காப்பாற்றியது. மாவு போல அரைத்த மரத்தூளோடு பாதி இறுகிய பிசினைக் கலந்து தூளாக்கி, சூடான அச்சில் வைத்து அழுத்தினால், சில நிமிடங்களில் பாகம் தயார். மர நார் பிசினைக் குடித்துக்கொண்டு அதோடு நன்றாக ஒட்டும். சுருக்கம் குறையும். ஓடிவரும் கீறல் நாரில் முட்டித் திரும்பும், வளைந்து போகும், அல்லது நாரைப் பிடுங்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஆற்றல் செலவாகும். அதிகச் சூடு தாங்க வேண்டுமானால் கல்நார், மின்காப்பு கூடுதலாக வேண்டுமானால் மைக்கா, அதிர்ச்சி தாங்கப் பருத்தி நார். (கல்நார் நுரையீரலுக்கு என்ன செய்யும் என்பது உலகம் பிறகு கற்றுக்கொண்ட பாடம். அதைக் கையாண்ட தொழிலாளிகளுக்கு அந்தப் பாடம் தாமதமாகவே வந்தது.) மரத்தைப் பிசினால் பலப்படுத்தக் கிளம்பியவர் பிசினை மரத்தால் பலப்படுத்துவதில் வந்து முடித்தார். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1909 பிப்ரவரியில் அமெரிக்க வேதியியல் கழகத்தின் நியூயார்க் கூட்டத்தில் தன் பொருளை அறிமுகம் செய்தார். 1910ல் ஜெனரல் பேக்கலைட் கம்பெனி. முதலில் மின்கருவிகளின் சிறு பாகங்கள், அப்புறம் கார்களின் மின்பொறிப் பாகங்கள், தொலைபேசி, ரேடியோப் பெட்டி, பில்லியர்ட்ஸ் பந்து. காகிதத்தைப் பிசினில் தோய்த்து அடுக்கி அழுத்தி, மைக்காவுக்குப் பதிலாக ஒரு தகடு செய்து 1913ல் இரண்டு பொறியாளர்கள் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். மைக்காவுக்குப் பதில் என்பதே பெயராகி ஃபார்மைக்கா ஆனது. நம்மூர்த் தச்சர்கள் மேசை மேல் ஒட்டுகிற எல்லாவற்றையும் இன்னும் மைக்கா என்றே சொல்வதன் பூர்வீகம் இப்படிப் போகிறது.

போட்டியும் வழக்கும் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்வின்பர்ன் என்ற பொறியாளர் இதே பிசினை ஏறக்குறைய இதே காலத்தில் செய்துவிட்டு, காப்புரிமை அலுவலகத்துக்குப் போனபோது பேக்லண்ட் ஒரு நாள் முந்திக்கொண்டிருந்தார். ஒரே ஒரு நாள். ஸ்வின்பர்ன் நொந்துபோகாமல் பூச்சு வார்னிஷ் செய்து விற்றார். 1926ல் இங்கிலாந்தில் பேக்கலைட் நிறுவனம் அமைந்தபோது அதற்குத் தலைவரானார். அமெரிக்காவில் பேக்லண்ட் காப்புரிமை வழக்குகளில் வென்றபின், தோற்ற இரண்டு போட்டி நிறுவனங்களை நசுக்காமல் 1922ல் தன்னோடு சேர்த்துக்கொண்டார். நல்ல மனம் என்றும் சொல்லலாம், நல்ல வியாபாரம் என்றும் சொல்லலாம்.

1924ல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் தலைவர். அதே ஆண்டு டைம் பத்திரிகையின் அட்டையில் அவர் முகம். 1927ல் மூலக் காப்புரிமை காலாவதியானதும் மற்றவர்கள் புகுந்தார்கள். கேட்டலின் என்ற பெயரில் நிரப்பி இல்லாத பீனாலிக் பிசினைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ண வண்ணமாக வார்த்து வளையலும் ரேடியோவும் செய்தார்கள். நிரப்பி போட்ட பேக்கலைட்டுக்குக் கருப்பையும் பழுப்பையும் விட்டால் அதிகம் நிறம் கிடையாது, ஆனால் உழைக்கும். கேட்டலின் ரேடியோக்கள் காலப்போக்கில் சுருங்கி வெடிப்பு விட்டன. இன்று அவற்றைச் சேகரிப்பவர்கள் வெடிப்பில்லாத ஒன்றுக்குப் பெரும் விலை கொடுக்கிறார்கள்.

வயதான பேக்லண்ட் தனிமைக்காரர். தன் படகில் கடலில் திரிந்தார். ஃபிளோரிடாவில் கோகனட் குரோவில் இருந்த வீட்டில் வெயில் தாங்காமல் வெள்ளை உடையோடு அப்படியே நீச்சல் குளத்தில் இறங்கிவிட்டு, ஈர உடையோடு உலாவுவாராம். தகர டப்பாவைத் திறந்து அதிலிருந்தே சாப்பிடுவார். நாட்குறிப்பு எழுதுவதை மட்டும் விடவில்லை. அறுபதுக்கும் மேற்பட்ட நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. மகன் ஜார்ஜுக்குக் கம்பெனி நிர்வாகத்தில் நாட்டமில்லை. தந்தையின் செருப்புப் பட்டறைக்குப் போக மறுத்தவரின் மகன், தந்தையின் பிளாஸ்டிக் பட்டறையில் தங்க விரும்பவில்லை. 1939ல் பேக்கலைட் யூனியன் கார்பைடுக்குக் கைமாறியது. 1944 பிப்ரவரி 23 அன்று நியூயார்க் மாநிலத்தின் பீக்கன் நகரில் ஒரு மருத்துவ விடுதியில், மூளையில் இரத்தக் கசிவால் இறந்தார். ஸ்லீப்பி ஹாலோ கல்லறையில் அடக்கம்.

அவர் இறந்து இரண்டாண்டு கழித்து, 1946ல், சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் அரால்டைட்டை வெளியே கொண்டுவந்தது. பல் மருத்துவத்துக்கான பொருள் தேடிய பியர் காஸ்தான் என்ற வேதியியலரின் வேலை அது. ஜெர்மனியில் பால் ஷ்லாக் 1930களிலேயே இதே திசையில் காப்புரிமை எடுத்திருந்தார். இதுதான் எபாக்ஸி. ஹார்டுவேர் கடையில் இரண்டு டியூபாகக் கிடைப்பது, விமான இறக்கையையும் காற்றாலை விசிறியையும் சேர்த்துப் பிடிப்பது. இதுவும் வலைப்பின்னல் பிசின்தான். எனவே பேக்லண்டை வாட்டிய அதே நோய் இதற்கும் உண்டு. சாதாரண எபாக்ஸியில் ஒரு சதுர மீட்டர் பரப்பைக் கீறிப் பிளக்க 100 ஜூல் அளவு ஆற்றல் போதும். உலோகங்களுக்கு இது பல ஆயிரம். ரப்பர் துகள் கலந்தால் கீறலைத் தாங்கும், ஆனால் பொருள் தொளதொளக்கும், சூடு தாங்கும் திறனும் பெரும்பாலும் குறையும்.

மரத்தூளின் இடத்தில் இப்போது சிலிகா. அதாவது மணல்தான், ஆனால் 20 நானோமீட்டர் அளவில். முடியின் தடிமனில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. மரத்தூளுக்கு இல்லாத ஒரு சிக்கல் இதற்கு உண்டு. சிலிகாவின் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைந்திருக்கும். தண்ணீரைப் பிடிக்கும், எண்ணெய்த் தன்மையுள்ள பிசினைப் பிடிக்காது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ரவை உப்புமாவில் கட்டி விழுவது போலக் கட்டி தட்டிவிடும். கட்டிகள் கீறலைத் தடுப்பதற்குப் பதிலாகக் கீறல் தொடங்கும் இடமாகிவிடும். இதற்குச் சிலேன் என்ற இடைத்தரகர் மூலக்கூறைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு முனை சிலிகாவைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனை எபாக்ஸியோடு சேரும். இப்படிப் போர்வை போர்த்திய துகள்கள் தனித்தனியாகப் பரவி நிற்கும்.

2007ல் வெளியான ஓர் ஆய்வில் இத்தகைய துகள்களைக் கன அளவில் 13 சதவீதம் சேர்த்தபோது, அந்த 100 ஜூல் 460 ஆயிற்று. கூடவே விறைப்பும் கூடியது. ரப்பரால் இந்த இரண்டையும் சேர்த்துத் தர முடியாது. மரத்தூள் கீறலை மறித்தது. இவ்வளவு சிறிய துகளால் பெரிய கீறலை மறிக்க முடியாது. நடப்பது வேறு. கீறல் நெருங்கும்போது பிசின் துகளிலிருந்து பிரிந்து, துகளைச் சுற்றி நுண்ணிய வெற்றிடம் விரிகிறது. சுற்றியுள்ள பிசின் நெகிழ்ந்து ஆற்றலை விழுங்குகிறது. அப்படியானால் சிலேன் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்க வேண்டும்? மிக இறுக்கமாகப் பிடித்தால் வெற்றிடம் விரியாது. பிடிக்கவே இல்லையென்றால் கட்டி தட்டும். இந்த நடுநிலையைத் தேடித்தான் ஆய்வுக் கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன.

நாம் தட்டச்சு செய்யும் கணினியின் சில்லுகளைச் சுற்றியுள்ள கருப்பு உறையைப் பாருங்கள். எடையில் 70 முதல் 90 சதவீதம் வரை சிலிகாத் தூள். இங்கே தூள் நானோ அளவில்லை, மைக்ரான் அளவு. முக்கிய வேலையும் சிலிக்கனுக்கு இணையாக உறையின் வெப்ப விரிவைக் குறைப்பது. தூளைப் பிசினோடு சேர்த்துப் பிடிக்க அதிலும் சிலேன். மீதியில் எபாக்ஸியும் அதை இறுக வைக்கும் கடினமாக்கியும். அந்தக் கடினமாக்கியாகப் பெரும்பாலும் சேர்க்கப்படுவது பீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த ஓர் உருகும் பிசின். அதன் பெயர் இன்றும் நோவலாக். அரக்கு வியாபாரிகள் வாங்க மறுத்த அதே சரக்கு.